சிஎன்சி ரூட்டரில் முதல் 3டி மரச் சிற்பம்: மாடல் தேர்விலிருந்து எண்ணெய் பூச்சு வரை

சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்லும் பாதையில் பிட்டை ஓட்டி மரத்தை வெட்டும் மெஷின்) ஓடுகிறது, பெயர்ப்பலகையும் எழுத்தும் வட்டமும் சதுரமும் வெட்டிப் பழகியாகிவிட்டது, அடுத்து ஒரு பூவோ மீனோ புடைப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நிற்பவர்களுக்காக இது. மெஷினைப் பூட்டுவது, ஒயரிங், கன்ட்ரோலர் செட்டிங் எல்லாம் இதில் வராது. மூன்று அச்சு ரூட்டர், 6 மி.மீ காலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி), மில்லிமீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் 3டி வேலையில் வீணாகும் பலகைகளில் பெரும்பாலானவை ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் மோட்டார்) சுற்றுவதற்கு முன்பே வீணாகிவிட்டவைதான். பலகையின் கனத்தைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள், பிட்டின் அளவைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் பிட் மாற்றியதும் இசட் ஜீரோவை (மேல்-கீழ் அளவு தொடங்கும் புள்ளியை) வேறு இடத்தில் எடுத்திருப்பார்கள். அதனால் வெட்டும் படிகளைவிட அதற்கு முந்தைய படிகள் இங்கே நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

டிஜிட்டல் காலிப்பர் ஒன்று, இசட் ஜீரோ எடுக்கப் புரோப் தட்டு (இல்லாவிட்டால் ஒரு தாள் துண்டு), நான்கு கிளாம்ப், வேக்யூம், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம். மெஷின் ஓடும்போது கையுறை போடாதீர்கள். சுற்றும் பிட்டில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அப்புறம், மெஷின் படுக்கையின் மேல் போட்டிருக்கும் ஸ்பாயில்போர்டை (வெட்டும் பலகைக்கு அடியில் கிடக்கும் பலகை) சர்ஃபேசிங் பிட் வைத்து முழுக்க ஒரு தடவை சீவி மட்டப்படுத்துங்கள். எழுத்து வெட்டும்போது ஒரு மூலை அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே இசட் ஜீரோவையே ஸ்பாயில்போர்டில்தான் எடுக்கப்போகிறோம், அதனால் அது சமமாக இல்லையென்றால் பின்னால் வரும் எந்த அளவும் சரியாக இருக்காது.

சாஃப்ட்வேர் இரண்டு வேண்டும். டூல்பாத் (பிட் போகும் பாதை) போட ஒன்று: விகார்வ், ஆஸ்பயர், கார்வெகோ, ஃபியூஷன் இவற்றில் எது பழக்கமோ அது. விகார்விலேயே ஒரு ரெடிமேட் 3டி மாடலை உள்ளே கொண்டுவந்து வெட்டிவிடலாம். மாடலை நீங்களே உருவாக்க வேண்டும் என்றால்தான் ஆஸ்பயர் தேவைப்படும். இரண்டாவது, ஜி-கோடை (மெஷினுக்கான கட்டளைகளை) மெஷினுக்கு அனுப்பும் நிரல். எழுத்து வெட்டும்போது வைத்திருந்ததே போதும்.

2. மாடலைத் தேர்ந்தெடுப்பது

3டி பிரிண்டருக்காகச் செய்த முழு உருவச் சிலையை இறக்கிக்கொண்டு வந்து இதை வெட்ட முடியுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முடியாது. மூன்று அச்சு மெஷினில் பிட் மேலிருந்து மட்டும்தான் இறங்கும், ஆகவே நேர் மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம் எதையும் அது தொடாது, அங்கே மரம் அப்படியே நிற்கும். உங்களுக்குத் தேவை தட்டையான முதுகு உள்ள புடைப்பு மாடல்.

முதல் வேலைக்கு மனித முகம் வேண்டாம். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முகத்தில் உடனே தெரிந்துவிடும். அதுவே ஒரு இலையிலோ மீனிலோ யாரும் கவனிக்க மாட்டார்கள். மேடுபள்ளம் மெதுவாக ஏறி இறங்கும் வடிவமாக எடுங்கள், செங்குத்தான சுவர்களும் நூலிழை போன்ற கோடுகளும் இல்லாமல்.

3டி மாடல் வரும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்று எதுவும் கிடையாது, வெறும் எண்கள்தான். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பதை உள்ளே கொண்டுவரும்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். 200 மி.மீ மாடல் 200 அங்குலமாக வந்து திரைக்கு வெளியே போனால் உடனே தெரிந்துவிடும். ஆபத்து எங்கே என்றால், அகலத்தையும் நீளத்தையும் சரிசெய்துவிட்டு உயரத்தை விட்டுவிடுவதில். மூன்று அளவையும் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க 200 மி.மீ நீளம், 150 மி.மீ அகலம், 12 மி.மீ புடைப்பு உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

3. பலகை

நெருக்கமான இழையும் நடுத்தரக் கடினமும் உள்ள மரம்தான் இதற்குத் தோது. பாஸ்வுட், மேப்பிள், செர்ரி, மஹாகனி, வால்நட் எல்லாம் நன்றாக வெட்டுப்படும். தேக்கில் சிற்பம் அழகாக வரும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பைனில் ஒரு வளையம் மென்மையாகவும் அடுத்த வளையம் கடினமாகவும் இருப்பதால் மென்மையான பகுதியெல்லாம் பிசிறடிக்கும். முதல் வேலையில் அது உங்கள் தப்பா மரத்தின் தப்பா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) எடுத்துப் பழகலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதில் இழை கிடையாது என்பதால் மரத்தில் வரும் சிக்கல் எதுவும் அதில் வராது, தூளோ மிக மோசம். அதே மரத்தில் ஒரு துண்டு கழிவு கிடைத்தால் அதில் பழகுங்கள்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 8 முதல் 12 சதவீத ஈரம் வரை பரவாயில்லை. மேல் பக்கத்தில் மட்டும் ஏகப்பட்ட மரத்தைச் சுரண்டி எடுக்கப்போகிறோம் என்பதால், உள்ளே ஈரம் இருந்தால் வெட்டி முடித்த மறுநாளே பலகை வளைந்து நிற்கும். வாங்கியதும் வெட்டாமல் மெஷின் இருக்கும் அறையிலேயே சில நாள் வைத்துவிடுங்கள். கணு இல்லாத பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். பிட் கணுவில் ஏறும்போது விலகும், சில நேரம் முறியும்.

அளவு: 260 மி.மீ நீளம், 200 மி.மீ அகலம், 20 மி.மீ கனம். சிற்பத்தைச் சுற்றி 25 முதல் 30 மி.மீ மிச்சம் கிடைக்கும். கிளாம்ப் பிடிக்க இந்த ஓரம் கட்டாயம் வேண்டும். மர இழை நீளவாக்கில் ஓடட்டும்.

அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று ஸ்பாயில்போர்டின் மேல் வைத்து மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் இழைப்புளியோ பிளேனரோ போட்டுச் சமன் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கிளாம்ப் போட்டு அமுக்கிச் சமன் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கழற்றியதும் பழைய வளைவுக்கே திரும்பிவிடும்.

4. இரண்டே இரண்டு பிட்

ரஃபிங்குக்கு (முதலில் மரத்தை மொத்தமாக எடுப்பதற்கு) 6 மி.மீ விட்டமுள்ள தட்டை முனை எண்ட் மில், இரண்டு வெட்டுமுனை உள்ளது. ஃபினிஷிங்குக்கு (இறுதி வடிவத்தை வெட்டுவதற்கு) முனை ஆரம் 1 மி.மீ உள்ள டேப்பர் பால் நோஸ் (உருண்டை முனையுள்ள கூம்பு பிட்), தண்டு 6 மி.மீ. இரண்டுக்கும் தண்டு ஒன்றாக இருப்பதால் காலெட்டை மாற்ற வேண்டியதில்லை. நேரான மெல்லிய பால் நோஸைவிட டேப்பர் பிட் மேலே போகப்போக தடித்துக்கொண்டே போவதால் வளையாது, எளிதில் உடையாது.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பம். டேப்பர் பிட்டின் உறையில் ஆர் 0.5, ஆர் 1.0 என்று போட்டிருப்பது ஆரம், விட்டம் அல்ல. ஆர் 1.0 என்றால் முனையின் விட்டம் 2 மி.மீ. சாஃப்ட்வேரில் சில இடத்தில் ஆரம் கேட்கும், சில இடத்தில் விட்டம் கேட்கும். எதைக் கேட்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். இதில் பாதியாகப் போட்டால் சாஃப்ட்வேர் நுணுக்கமாக வெட்டும் பிட் என்று நினைத்து இடுக்குக்குள்ளெல்லாம் இறங்கச் சொல்லும், நிஜப் பிட் அந்த இடுக்கின் சுவர்களையும் சேர்த்துத் தின்றுவிடும். பக்கவாட்டுக் கோணத்தையும் உறையில் உள்ளபடியே போடுங்கள். டேப்பர் பிட்டை வெறும் பால் நோஸ் என்று பதிவு செய்தாலும் இதே கதைதான்.

6 மி.மீ பிட்டை 6.35 மி.மீ காலெட்டில் இறுக்கிச் சமாளிக்காதீர்கள். பிடித்ததுபோல் இருக்கும், வேலை நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்.

5. சாஃப்ட்வேரில் பலகைக்குள் மாடலை உட்காரவைப்பது

முதலில் காலிப்பரால் பலகையின் நான்கு மூலையிலும் கனத்தை அளந்து, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ பலகை என்று சொல்லி வாங்கியது 18.7 இருக்கும், 20.6 இருக்கும். உண்மையில் 20.6 இருக்கும் பலகைக்கு 20 என்று கொடுத்தால், முதல் அடுக்கில் பிட் 3 மி.மீ வெட்டுவதாக நினைத்துக்கொண்டு 3.6 மி.மீ வெட்டும்.

20 மி.மீ கனத்தை இப்படிப் பிரியுங்கள்: மேலே 1 மி.மீ இடைவெளி, நடுவில் 12 மி.மீ புடைப்பு, அடியில் 7 மி.மீ அடித்தளம். மேலே இடைவெளி எதற்கு என்றால், பலகையில் லேசான குழிவு இருந்தால் சிற்பத்தின் உச்சி மரத்தின் மேற்பரப்பைத் தாண்டிப் போய்விடும், அங்கே ஃபினிஷிங் பிட் தொடாமல் ரம்பத்தின் தழும்போடு ஒரு தட்டைப் பகுதி நிற்கும். மூக்கு நுனியோ மீனின் முதுகோ தட்டையாக வந்த வேலைகளைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

அடுத்தது ஜீரோ. மெட்டீரியல் செட்டப்பில் இசட் ஜீரோ பலகையின் மேற்பரப்பா, மெஷின் படுக்கையா என்று கேட்கும். படுக்கை, அதாவது ஸ்பாயில்போர்டு, என்று கொடுங்கள். எழுத்து வெட்டியே பழகியவர்கள் மேற்பரப்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கை தானாக அங்கே போகும். ஆனால் 3டி வேலையில் ரஃபிங் முடிந்ததும் அந்த மேற்பரப்பு பெரும்பாலும் இருக்காது. ஸ்பாயில்போர்டு எங்கேயும் போகாது, எத்தனை பிட் மாற்றினாலும் அதே இடத்தில் இருக்கும்.

எக்ஸ், ஒய் ஜீரோவை இடது கீழ் மூலையில் வையுங்கள், நடுவில் வேண்டாம். நடுவில் பென்சிலால் போட்ட குறியை ரஃபிங் பிட் முதல் சில நிமிடத்திலேயே அழித்துவிடும், அதற்கப்புறம் மின்சாரம் போனாலோ மெஷின் நின்றாலோ பழைய இடத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. மூலை கடைசிவரை இருக்கும்.

6. ரஃபிங் டூல்பாத்

6 மி.மீ பிட், ஒரு அடுக்குக்கு 3 மி.மீ ஆழம், ஸ்டெப்ஓவர் (ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம்) பிட்டின் விட்டத்தில் 40 சதவீதம், அதாவது 2.4 மி.மீ. சிற்பத்தின் மேல் 0.6 மி.மீ மரத்தை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். தட்டை முனை பிட் படிப்படியாகத்தான் வெட்டும், இழை தூக்கிக்கொண்ட இடத்தில் கொஞ்சம் பிய்க்கவும் செய்யும். அந்தக் காயமெல்லாம் இந்த 0.6 மி.மீக்குள் அடங்கிவிடும்.

வேகம்: 16,000 ஆர்பிஎம், பிட் நகரும் வேகமான ஃபீட் ரேட் நிமிடத்துக்கு 1,600 மி.மீ. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃபீட் ரேட்டை ஆர்பிஎம்மாலும் வெட்டுமுனைகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒவ்வொரு முனையும் ஒரு சுற்றில் எவ்வளவு மரத்தைக் கடிக்கிறது என்று வரும். 1,600 வகுத்தல் 32,000, அதாவது 0.05 மி.மீ. உங்கள் மெஷின் ஒல்லியாக இருந்தால் முதலில் ஆழத்தைக் குறையுங்கள், ஃபீட் ரேட்டை அல்ல. ஃபீட்டை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் பிட் வெட்டாமல் உரச ஆரம்பிக்கும், மரம் கருகும், பிட் மழுங்கும்.

வெட்டும் எல்லையைச் சிற்பத்தின் விளிம்புக்கு வெளியே 6 மி.மீ தள்ளிப் போடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

நேரம் மிச்சமாகுமே என்று ரஃபிங்கையே விட்டுவிடுபவர்கள் உண்டு. சின்ன பிட் முழு ஆழத்தில் 12 மி.மீ மரத்துக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

7. ஃபினிஷிங் டூல்பாத்

சிற்பத்தின் தரமும் நேரமும் இங்கே ஒரு எண்ணில்தான் இருக்கின்றன: ஸ்டெப்ஓவர். பால் நோஸ் பிட் அடுத்தடுத்துப் போகும்போது இரண்டு வரிக்கு நடுவில் சின்ன முகடு ஒன்று மிஞ்சும். சமமான பரப்பில் அதன் உயரம் ஏறக்குறைய ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. ஆரம் 1 மி.மீ, ஸ்டெப்ஓவர் 0.2 மி.மீ என்றால் முகடு 0.005 மி.மீ, விரலுக்குத் தெரியாது. ஸ்டெப்ஓவரை 0.4 ஆக்கினால் முகடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு, 0.02 மி.மீ ஆகும். சரிவான இடங்களில் இன்னும் கூடும், அங்கே கோடுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். முனை விட்டத்தில் 10 சதவீதம், அதாவது 0.2 மி.மீ என்று வைத்துத் தொடங்குங்கள்.

நேரத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். 150 மி.மீ அகலத்தை 0.2 மி.மீயாகக் கடந்தால் 750 வரி, ஒவ்வொன்றும் 200 மி.மீ, மொத்தம் 150 மீட்டர். நிமிடத்துக்கு 1,500 மி.மீ வேகத்தில் 100 நிமிடம். இதே வேலையை ஆர் 0.5 பிட்டில் 0.1 மி.மீ ஸ்டெப்ஓவரில் போட்டால் 200 நிமிடம். இன்னும் நுணுக்கமாக வரட்டும் என்று ஆர் 0.25 பிட்டுக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆனால் நிஜத்தில் இந்த 100 நிமிடத்தைவிடக் கூடத்தான் ஆகும், பல மெஷின்களில் நிறையவே கூடும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது எக்ஸ் அச்சு அல்ல, இசட் அச்சு. அது மெதுவாக நகரும் மெஷினில் நீங்கள் 3,000 என்று ஃபீட் கொடுத்தாலும் சரிவுகளில் அது இசட்டின் வேகத்துக்குத்தான் ஓடும். மெஷின் பழுது என்று நினைத்துத் தேடாதீர்கள்.

ராஸ்டர் (வரிவரியாகப் போய்வரும்) வகையைத் தேர்ந்தெடுத்து, கோணத்தை மர இழையின் திசைக்கு வையுங்கள். நாம் இழையை எக்ஸ் அச்சோடு வைக்கப்போகிறோம், எனவே கோணம் 0. இழைக்குக் குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு வரியிலும் இழை முனைகள் அறுபட்டுப் பிசிறு எழும்பும்.

எல்லை இங்கே சிற்பத்தின் விளிம்புக்கு வெளியே 2 மி.மீ. பால் முனை விளிம்பைத் தாண்டி இறங்கினால்தான் ஓரம் முழுசாக வெட்டுப்படும். ரஃபிங்குக்கு 6 மி.மீ விட்டோம் அல்லவா, அது இதற்காகத்தான்: ஃபினிஷிங் பிட் போகும் இடமெல்லாம் ரஃபிங் பிட் முன்பே போய் மரத்தை எடுத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் எல்லையை மாற்றிப் போட்டுவிட்டால் நடுப்பகுதி அருமையாக வரும், ஓரத்துக்கு வந்ததும் 13 மி.மீ உயரக் கன்னி மரத்தில் போய் இடித்து பிட் முறியும்.

8. சேமிக்கும் முன் ஒரு பார்வை

ரஃபிங், ஃபினிஷிங், வெட்டியெடுப்பு மூன்றையும் தனித்தனிக் கோப்பாகச் சேமியுங்கள், பெயரின் முதலில் 1, 2, 3 என்று எண்ணும், பிட்டின் பெயரும் இருக்கட்டும். தானாக பிட் மாற்றாத மெஷினில் ஒரே கோப்பாக அனுப்பினால் நடுவில் என்ன நடக்கும் என்பது கன்ட்ரோலரைப் பொறுத்தது. அந்த ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

போஸ்ட் புராசஸரில் (டூல்பாத்தை ஜி-கோடாக மாற்றும் பகுதியில்) உங்கள் கன்ட்ரோலரின் மில்லிமீட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை நோட்பேடில் திறந்து மேலே உள்ள வரிகளில் ஜி21 இருக்கிறதா என்று பாருங்கள். ஜி20 இருந்தால் அது அங்குலம்.

சிமுலேஷனைச் சுழற்றிப் பார்த்து அழகை ரசிப்பதோடு நிறுத்தாமல், மிக ஆழமான புள்ளி எத்தனை மி.மீ என்று பாருங்கள். படுக்கையில் ஜீரோ என்பதால் சிற்பத்தின் எந்த இடத்திலும் இசட் மதிப்பு 7க்குக் கீழே போகக் கூடாது. வெட்டியெடுப்பு மட்டும் 0 வரை வரும்.

9. பலகையைப் பிடிப்பது

இழை எக்ஸ் அச்சோடு போகும்படி வைத்து, நான்கு ஓரத்திலும் கிளாம்ப் போடுங்கள். ஓரத்தின் அகலம் 25 மி.மீ, ரஃபிங் எல்லை 6 மி.மீ, அதோடு பிட்டின் பாதி விட்டமும் சேரும், ஆகவே கிளாம்பின் மூக்கு பலகையின் மேல் 12 மி.மீக்கு மேல் உள்ளே வரக் கூடாது. பிட் தப்பினாலும் காலெட் நட் போய் இடிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பறக்கும்போது பிட் கிளாம்பின் தலைக்கு மேலே போகும்படி சேஃப் ஹைட்டைக் கொடுங்கள்.

டபுள் சைடு டேப்பை மட்டும் நம்பி நீண்ட நேர வேலையை ஓட்டாதீர்கள். மெல்லிய பலகைக்கு அது பரவாயில்லை, இங்கே ரஃபிங்கின் பக்கவாட்டுத் தள்ளல் அதிகம்.

10. ஜீரோ எடுப்பது

எக்ஸ், ஒய்: இடது கீழ் மூலை. எடுத்ததும் அந்த மூலைக்குப் பக்கத்தில் ஸ்பாயில்போர்டில் பலகையின் இரண்டு ஓரத்தையும் ஒட்டிப் பென்சில் கோடு போட்டு வையுங்கள். பலகை நகர்ந்ததா இல்லையா என்ற சந்தேகம் வரும்போது அந்தக் கோடுதான் சாட்சி.

இசட்: பலகைக்குப் பக்கத்தில், ஸ்பாயில்போர்டின் சுத்தமான இடத்தில். அந்த இடத்தை ஒரு வட்டம் போட்டுக் குறித்து, இரண்டாவது பிட்டுக்கும் அதே இடத்தில் எடுங்கள். புரோப் தட்டு வைத்தால் அதன் கனத்தைக் காலிப்பரால் அளந்து போடுங்கள், பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அடியில் ஒரு மரச்சுருள் மாட்டியிருந்தாலும் ஜீரோ அரை மில்லிமீட்டர் மேலே போய்விடும், துடைத்துவிட்டு வையுங்கள்.

எடுத்தபின் சோதனை: பலகைக்கு மேலே பிட்டைக் கொண்டுபோய் இசட் 25க்கு இறக்குங்கள். 20 மி.மீ பலகைக்கு மேலே 5 மி.மீ இடைவெளி இருக்க வேண்டும். தட்டின் கனத்தைக் கழிக்க மறந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

11. காற்றில் ஒரு ஓட்டம்

இசட் ஜீரோவைத் தற்காலிகமாக 25 மி.மீ உயர்த்தி, ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு ரஃபிங் கோப்பைச் சில நிமிடம் ஓட்டுங்கள். எந்த மூலையில் தொடங்குகிறது, கிளாம்பை இடிக்குமா, அளவு சரியா என்று பார்த்தால் போதும். முடிந்ததும் ஜீரோவை மறுபடி எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் பிட் காற்றிலேயே ஓடும், அதனால் நஷ்டமில்லை. உயர்த்துவதற்குப் பதில் தாழ்த்திவிட்டால் நஷ்டம் உண்டு.

12. ரஃபிங்

ஃபீட் ஓவர்ரைடை (கொடுத்த வேகத்தில் எத்தனை சதவீதம் ஓட வேண்டும் என்பதை) 70 சதவீதத்தில் வைத்துத் தொடங்கி, சத்தம் சீரானதும் 100க்கு ஏற்றுங்கள். கண்ணை விழுகிற தூள்மேல் வையுங்கள். சின்னச் சின்ன சீவல்களாக வந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக வந்தால் உரசுகிறது: ஆர்பிஎம்மைக் குறையுங்கள் அல்லது ஃபீட்டைக் கூட்டுங்கள். கிறீச் என்ற ஓசையும் கருகல் வாசனையும் இதே கதைதான். அதற்கு மாறாக மெஷின் முழுக்க நடுங்கினால் ஆழம் அதிகம்.

மெஷினை விட்டு நகராதீர்கள். கருகிய மரத்தில் பிறக்கும் ஒரு கங்கு வேக்யூம் பைக்குள் போனால், தீ எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அவசர நிறுத்தப் பொத்தான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கணினி தூங்கிப்போகாமல் இருக்க ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். வேக்யூம் குழாயில் சேரும் நிலைமின்சாரமும் யுஎஸ்பி இணைப்பைத் துண்டிக்கும். குழாயை எர்த் செய்தால் அது தீரும்.

13. பிட் மாற்றம்

நிறையச் சிற்பங்கள் பாழாகும் இடம் இது. ரஃபிங் முடிந்து, பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த பிட்டைப் போட்டு, பழக்கதோஷத்தில் சிற்பத்தின் மேலேயே தாளை வைத்து இசட் ஜீரோ எடுப்பார்கள். அல்லது நல்ல பிள்ளையாக மூன்று அச்சுக்கும் சேர்த்து ஜீரோ பொத்தானை அமுக்குவார்கள். இரண்டுமே அங்கேயே கதையை முடித்துவிடும்.

வரிசை இதுதான். ஸ்பிண்டில் நின்றதும் இசட்டை மேலே தூக்குங்கள். மெஷினை அணைக்காதீர்கள். தூளை உறிஞ்சி எடுங்கள், காலெட்டைக் கழற்றி உள்ளேயும் துடையுங்கள். தூளோடு இறுக்கினால் பிட் சாய்ந்து நிற்கும். ஸ்பேனரால் திருகும்போது ஒரு ஸ்பேனரை மற்றதற்கு எதிராகப் பிடித்து இறுக்குங்கள், கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாலத்தை) தள்ளாதீர்கள். ஜிஆர்பிஎல் என்ற நிரலில் ஓடும் கன்ட்ரோலர்களில் மெஷின் சும்மா இருக்கும்போது மோட்டார்கள் பிடியை விட்டுவிடும், அப்போது லேசாகத் தள்ளினாலும் எக்ஸ், ஒய் நகர்ந்துவிடும், திரையில் எண் மாறவும் மாறாது. அதன் செட்டிங்கில் $1=255 என்று வைத்தால் மோட்டார்கள் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அதே வட்டத்தில், அதே தட்டை வைத்து, இசட் மட்டும். எக்ஸ், ஒய் பொத்தான்களின் பக்கமே போக வேண்டாம். முடிந்ததும் பிட்டைச் சிற்பத்தின் உச்சிக்கு மேலே கொண்டுபோய் இசட் 22க்கு இறக்கிப் பாருங்கள். சிற்பத்தின் உச்சி 19, ரஃபிங் விட்ட மிச்சம் 0.6, ஆகவே ஏறக்குறைய 2.4 மி.மீ இடைவெளி தெரிய வேண்டும். ஒரு நிமிட வேலை.

14. ஃபினிஷிங்

முதல் சில வரிகளைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பிட் மரத்தைத் தொடாமலே போனால் ஜீரோ மேலே இருக்கிறது. ஒரே அடியாக ஆழமாக உழுதுகொண்டு போனால் கீழே இருக்கிறது. எதுவானாலும் உடனே நிறுத்துங்கள், போகப்போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

நடுவில் ஒரு வரியிலிருந்து மீதி எல்லாம் பக்கவாட்டில் தள்ளி வந்திருந்தால் மெஷின் ஸ்டெப் இழந்திருக்கிறது, அதாவது மோட்டார் போகச் சொன்ன தூரம் போகவில்லை. ஃபீட் அல்லது ஆக்சலரேஷன் அதிகம், அல்லது கேபிளோ வேக்யூம் குழாயோ எங்கேயோ மாட்டி இழுத்திருக்கிறது. மூலைக்குப் போய் எக்ஸ், ஒய் ஜீரோவை மறுபடி எடுத்துவிட்டு ஃபினிஷிங்கை முதலிலிருந்து ஓட்டுங்கள். தள்ளிய பக்கத்தில் அதிகமாக வெட்டுப்படாமல் இருந்தால் சிற்பம் பிழைத்துவிடும். மூலையில் ஜீரோ வைத்ததன் பலன் இப்போது தெரியும்.

15. வெட்டியெடுப்பது

சிற்பத்தைச் சுற்றி வெட்டும் வேலை கடைசியில்தான். முதலில் வெட்டிவிட்டால் பிடிப்பு போய்விடும். 6 மி.மீ பிட்டை மறுபடி மாட்டி, அதே வட்டத்தில் இசட் எடுத்து, ஓரத்தில் நான்கைந்து டேப் (சிற்பத்தைப் பலகையோடு பிடித்துவைக்க வெட்டாமல் விடும் சிறு மரத்துண்டு) விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு டேப்பும் 6 மி.மீ அகலம், 3 மி.மீ கனம் இருந்தால் போதும். உளியால் தட்டினால் விட்டுவிடும். ரம்பம் இருந்தால் இந்தப் படியே வேண்டாம், கையால் அறுத்துக்கொள்ளலாம்.

16. பிசிறும் பூச்சும்

உப்புத்தாளை எடுத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தால் ஃபினிஷிங்கில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடி வந்த நுணுக்கமெல்லாம் பத்து நிமிடத்தில் போய்விடும். முதலில் நைலான் பிரஷ்ஷால் இழையின் திசையில் தேயுங்கள், பாதிப் பிசிறு அதிலேயே உதிரும். அடம்பிடிக்கும் இடத்தில் டீவாக்ஸ்டு ஷெல்லாக்கை (மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சை) மெல்லியதாக ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். வளைந்து கிடந்த பிசிறு விறைத்து நிற்கும், அப்போது 220 நம்பர் தாளை மடித்து லேசாக உரசினால் ஒடிந்துவிடும். கறை பூசுவதாக இருந்தாலும் இந்த ஷெல்லாக் கோட் உதவும், குறுக்கு இழை தெரியும் சரிவுகள் அதிகமாக உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் கறுக்காமல் இருக்கும். எண்ணெய்தான் பூசப்போகிறீர்கள் என்றால் ஷெல்லாக் வேண்டாம், அது எண்ணெயை உள்ளே விடாது. அப்போது ஈரத் துணியால் லேசாகத் துடைத்து, காய்ந்து பிசிறு எழும்பியதும் அதே தாளால் உரசிவிடுங்கள்.

எண்ணெயைப் பிரஷ்ஷால் பூசி, பள்ளங்களில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் அங்கே பிசுபிசுவென்று காயாமல் நிற்கும். பின்பக்கத்துக்கும் ஒரு கோட் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரம் மறுபக்கம் வழியாகப் போய்வந்து பலகை வளையும். ஆளி விதை எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடாகும், சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தட்டையாக விரித்துக் காயவைத்து, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.